எழுநூற்று அறுபது கிராம்

ஒருவருக்கு வந்த கேள்வி இன்னொருவருக்கு வராது என்று ஆகிப் பன்னிரண்டு வருடங்கள் கடந்திருந்தன. அதற்கு முன்பு நடந்ததெல்லாம் நாற்பதைத் தாண்டியவர்களுக்குத்தான் நினைவிருந்தது. தேர்வுக்கு முந்தின நாளே கைபேசிகளில் வலம்வந்த வினாத்தாள்கள், ரத்தான தேர்வுகள், அழுதுகொண்டே வீடு திரும்பிய பிள்ளைகள். இப்போது வினாத்தாள் என்று ஒன்றே இல்லை. எழுத உட்காருகிறவரின் கண்ணெதிரே, அவர் ஒருவருக்காகவே, அந்த நொடியில் ஒரு கேள்வி பிறந்தது. விடையைத் தட்டிய மறுநொடியே அது திருத்தப்பட்டது. லிஃப்ட் பழுதுபார்ப்பவர் முதல் அறுவைக்கூடச் செவிலியர் வரை எல்லோருக்கும் உரிமம் அப்படித்தான் கிடைத்தது. கொடுப்பது தகுதி வாரியம். வாரியத்துக்காகக் கேட்பதும் திருத்துவதும், எல்லோரும் பொறி என்று மட்டும் சொல்லிப் பழகிவிட்ட அந்த இயந்திரம்.

அபிநயா வாரியத்தின் கோவை அலுவலகத்தில் எண் கேள்விகளை அமைத்துக்கொண்டிருந்தாள். வயது நாற்பத்து நான்கு. முன்பு ஒரு கல்லூரியில் கணிதம் நடத்தியவள். அவள் முழுக் கேள்வியை எழுதுவதில்லை. அதன் சட்டத்தை மட்டும் எழுதுவாள். அலுவலகத்தில் அதற்கு டெம்ப்ளேட் என்று பெயர். ஒரு குழந்தையின் எடை இவ்வளவு, ஒரு கிலோவுக்கு இவ்வளவு மில்லிகிராம் மருந்து, புட்டியில் ஒரு மில்லிக்கு இவ்வளவு மருந்து, எத்தனை மில்லி எடுப்பீர்கள் என்று எழுதி, எண் வரவேண்டிய இடங்களைக் காலியாக விட்டுவிடுவாள். எடை எதிலிருந்து எதுவரை வரலாம் என்று எல்லை போடுவாள். விடைக்கான சூத்திரத்தைக் கொடுப்பாள். சரியான விடைக்கு ஐந்து சதவீதம் முன்பின் இருந்தாலும் ஏற்றுக்கொள் என்பாள். மீதியைப் பொறி பார்த்துக்கொள்ளும். ஒரு டெம்ப்ளேட்டிலிருந்து லட்சம் கேள்விகள் வரும், லட்சமும் வேறுவேறாக.

அந்த வேலையில் அவளுக்கு ஒரு கர்வம் இருந்தது. ஒளித்துச் சொல்ல வேண்டியதில்லை. சிபாரிசு இல்லாத ஒரு பெண், யார் தயவும் இல்லாமல், தன் கணக்கைத் தானே போட்டு மேலே வரலாம் என்பதை அவள் உண்மையாகவே நம்பினாள். அப்படி வந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள்.

ஒரு திங்கட்கிழமை காலை, தபால் பிரிவிலிருந்து ஒரு பதிவுத் தபால் அவள் மேசைக்கு வந்தது. காகிதத்தில் மனு போடும் வழக்கமே ஒழிந்திருந்ததால், எந்தப் பிரிவுக்கு அனுப்புவது என்று தெரியாமல் நான்கு மாதம் அலுவலகத்துக்குள்ளேயே சுற்றியிருக்கிறது. நீல மசியில், குண்டு குண்டான கையெழுத்து.

“மதிப்பிற்குரிய அதிகாரி அவர்களுக்கு. என் பெயர் மு. சுகந்தி. குறைமாதக் குழந்தைகள் பிரிவில் இருபத்து நான்கு வருடமாகச் செவிலியராக இருக்கிறேன். உரிமம் புதுப்பிக்கும் தேர்வில் மூன்று முறை தோற்றுவிட்டேன். மூன்று முறையும் மேல்முறையீடு செய்தேன். மூன்று முறையும் ‘விடை சரிபார்க்கப்பட்டது, மாற்றம் இல்லை’ என்று பதில் வந்தது. கேள்வியை வெளியே சொல்லக்கூடாது என்பது விதி. அதை மீறித்தான் எழுதுகிறேன். குழந்தையின் எடை எழுநூற்று அறுபது கிராம். கிலோவுக்கு ஐந்து மில்லிகிராம் மருந்து. ஒரு மில்லியில் இரண்டு மில்லிகிராம். நான் 1.9 மில்லி என்று போட்டேன். தவறு என்று வந்தது. யாரிடமும் கேட்டுப்பார்க்க வழியில்லை. பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு வேறு கேள்வி. நான் போட்டது தவறென்றால் எங்கே தவறு என்று மட்டும் சொல்லுங்கள். திருத்திக்கொள்கிறேன்.”

அபிநயா மனக்கணக்காகவே போட்டாள். முக்கால் கிலோவுக்குச் சற்று மேல். மூன்று புள்ளி எட்டு மில்லிகிராம். பாதியாக்கினால் 1.9. சரியாகத்தானே இருக்கிறது?

கடிதத்தில் சொல்லியிருந்த அந்தத் தேர்வை மட்டும் திரையில் திறந்தாள். கேள்வி, கடிதத்தில் இருந்தது போலவே எழுத்துக்கு எழுத்து இருந்தது. கீழே பொறியின் விடை: 2.5.

அவள் காகிதத்தை எடுத்து மறுபடி போட்டாள். பிறகு தன் சூத்திரத்தைத் திறந்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். மூன்றாவது வரியில் கண் நின்றது.

வாரியத்தின் மண்டலத் தலைவர் கோகுல்நாத்தின் அறைக்கு அவள் போனபோது அவர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயது, நிதானமான மனிதர். அவள் முகத்தைப் பார்த்ததும் கோப்பையை வைத்துவிட்டார்.

“என்னாச்சு அபிநயா?”

“ஒரு கேள்விக்கு விடை தப்பா இருக்கு சார். ரெண்டு வருஷமா.”

“பொறி தப்பு பண்ணுச்சா?”

“இல்ல சார், நான் பண்ணேன். இந்த டெம்ப்ளேட்டை முதல்ல பெரிய குழந்தைங்களுக்குத்தான் எழுதினேன். பத்து கிலோவிலிருந்து முப்பது கிலோ வரைக்கும். கணக்கு ரொம்பச் சிக்கலா வேண்டாமேன்னு, எடையைப் பக்கத்துல இருக்கிற அரைக் கிலோவுக்குத் திருத்திக்கன்னு சூத்திரத்துல ஒரு வரி போட்டேன். இருபது கிலோ குழந்தைக்குக் கால் கிலோ முன்னபின்ன இருந்தா ஒண்ணும் ஆகாது. ஐந்து சதவீதத்துக்குள்ள அடங்கிரும்.”

“சரி.”

“ரெண்டு வருஷம் முன்னாடி, குறைமாசக் குழந்தைகளையும் இதுல சேருங்கன்னு மேலிடத்துலேர்ந்து கடிதம் வந்துச்சு. நான் கீழ் எல்லையைப் பத்துலேர்ந்து பூஜ்யம் புள்ளி ஆறுக்கு மாத்தினேன். எடையைக் கிராம்ல காட்டச் சொன்னேன். ஒரு நிமிஷ வேலை சார். அந்த வரியை எடுக்கல.”

கோகுல்நாத் ஒரு தாளில் எழுதிப் பார்த்தார். “அப்ப எழுநூத்தி அறுபது கிராம் குழந்தையை…”

“ஒரு கிலோன்னு எடுத்துக்குது. கொடுக்க வேண்டியதுல மூணுல ஒரு பங்கு அதிகம்.”

“ரெண்டு வருஷமா யாருமே புகார் கொடுக்கலையா?”

“முப்பத்தேழு பேர் கொடுத்திருக்காங்க. ஒவ்வொருத்தருக்கும் வேற வேற எண். அதனால பொறிக்கு அது முப்பத்தேழு தனித்தனிப் புகார். ஒண்ணோட ஒண்ணு சேரவே இல்ல. மேல்முறையீட்டைப் பாக்குறதும் பொறிதான், அதே சூத்திரத்தைத்தான் எடுத்துப் போட்டுப் பாக்குது. அதே விடைதான வரும்?”

பழைய காலத்தில் ஒரு வினாத்தாளில் பிழை இருந்தால் தேர்வுக்கூடமே கூச்சல் போடும். பத்திரிகையில் வரும். எல்லோருக்கும் மதிப்பெண் கொடுத்துவிடுவார்கள். இப்போது ஒவ்வொரு பிழைக்கும் ஒரே ஒரு சாட்சி. அந்தச் சாட்சிதான் குற்றவாளியும். அபிநயா இதைச் சொல்ல வாயெடுத்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். இன்னும் மோசமான செய்தி மீதி இருந்தது.

“ஒரு கேள்வி தப்பானா, அதுதான் அவங்க பலவீனம்னு பொறி முடிவு பண்ணி, மீதியையும் அங்கேயே கேக்கும் சார். அதனால சரியாப் போட்டவங்க மேலேயே இதே மாதிரிக் கேள்வி திரும்பத் திரும்ப விழுந்திருக்கு. விழுந்து விழுந்து தோத்திருக்காங்க.”

“பாஸ் ஆனவங்க?”

“அவங்க பொறியோட பயிற்சிப் பாடத்தைப் படிச்சு வந்தவங்க. விடை ஏன் இப்படின்னு விளக்கம் எழுதறதும் பொறிதானே? ‘மிகக் குறைந்த எடையுள்ள குழந்தைகளுக்கு, எடையை அருகிலுள்ள அரைக் கிலோவாக எடுத்துக்கொள்வது பாதுகாப்பானது’ன்னு எழுதி வெச்சிருக்கு. அழகா எழுதியிருக்கு. நானே நம்பிருவேன். அப்படிப் படிச்சு, அப்படியே எழுதி, உரிமம் வாங்கினவங்க இருநூத்திப் பதினாலு பேர். எல்லாரும் வார்டுல இருக்காங்க.”

கோகுல்நாத் எழுந்து போய் ஜன்னலருகே நின்றார்.

“இப்பவே சூத்திரத்தைச் சரிபண்ணிருங்க. எல்லாருக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பலாம்.”

“பழைய தேர்வுகளை மறுபடி திருத்த வேண்டாமா சார்?”

“திருத்தினா என்னாகும்? பொறி அந்த இருநூத்திப் பதினாலு பேர் உரிமத்தையும் அந்த நிமிஷமே நிறுத்தி வெச்சிரும். பத்து நாள் மறுபயிற்சி, அதுக்கப்புறம்தான் தேர்வு. அந்தப் பத்து நாளும் அவங்க பாத்துட்டிருக்கிற குழந்தைங்களை யார் பாப்பாங்க? நீங்களா, நானா?”

சூத்திரத்தை அன்று மாலைக்குள் சரிசெய்தாள். ஒரு வரியை நீக்கினால் போதுமாக இருந்தது. சுற்றறிக்கையும் போயிற்று.

மூன்று நாள் கழித்து, விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, சுகந்தியைத் தேடிக்கொண்டு அவள் சத்தியமங்கலம் பேருந்தில் ஏறினாள். கடிதத்தில் இருந்த முகவரி வழியில் ஒரு சிறிய ஊர். வீடு பூட்டியிருந்தது. “அந்தக்கா ஆஸ்பத்திரியில இருக்குமுங்க” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. அபிநயா திகைத்தாள். உரிமம் போனவள் ஆஸ்பத்திரியில் என்ன செய்கிறாள்?

சுகந்தி சீருடையில்தான் இருந்தாள். ஐம்பது வயது, ஒல்லியான உடம்பு, காதோரம் நரை. வந்திருப்பது யார் என்று தெரிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வணங்கினாள்.

“கடுதாசிக்கு ஆளே வந்துட்டீங்களா?”

“சிஸ்டர், நீங்க போட்ட விடை சரி. தப்பு எங்க பக்கம். அதை நேர்ல சொல்லத்தான் வந்தேன்.”

சுகந்தி சுவரில் கை வைத்துக்கொண்டாள். “அப்ப நான் போட்டது சரிதானுங்களா?” என்று கேட்டாள்.

“சரிதான்.”

“அது போதுமுங்க மேடம். மூணு மாசம் பைத்தியம் புடிச்ச மாதிரி இருந்தேன். இத்தன வருசமா எத்தன குழந்தைக்குத் தப்பா ஏத்தினமோன்னு.”

“இப்ப எப்படி டியூட்டிக்கு வந்தீங்க?”

“நாலாந்தடவ பாசாயிட்டனுங்க” என்று சொல்லிவிட்டு, சுகந்தி குனிந்து மேசைமேல் இருந்த பஞ்சைச் சரிசெய்தாள். அபிநயாவுக்கு ஏற்பட்ட நிம்மதியில் அதற்கு மேல் ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. நான்காம் முறை வேறு கேள்விகள் வந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டாள்.

கண்ணாடிக்கு அந்தப்புறம் பதினொரு இன்குபேட்டர்கள். கைவிரல் அளவு கால்கள். ஒரு பெட்டியருகே இருபத்து மூன்று வயதிருக்கும் ஒரு பெண் சிரிஞ்சில் மருந்தை இழுத்துக்கொண்டிருந்தாள். சுகந்தி பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு உள்ளே போய் அவள் கையைப் பிடித்தாள்.

“தன்ஷிகா, எவ்வளவு எடுத்தே?”

“மூணுங்க சிஸ்டர்.”

“குழந்த எடை?”

“ஒண்ணு முன்னூறு. ஒண்ணரைக்கு எடுத்தேன். அப்படித்தானே படிச்சோம்?”

“ஒண்ணு முன்னூறுக்கு ஒண்ணு முன்னூறுதான் கண்ணு. ரண்டு புள்ளி ஆறு. கீழ கொட்டிட்டு மறுபடி எடு.”

அபிநயா கண்ணாடிக்கு வெளியிலிருந்து கேட்டாள், “வாரியத்துல இருந்து சுற்றறிக்கை வரலையாம்மா?”

அந்தப் பெண் மிரண்டு பார்த்தாள். “தெனமும் பத்து வருதுங்க மேடம். எதைன்னு படிக்கறது?”

சுகந்தி வெளியே வந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “நல்ல புள்ளைங்க. சொன்னாக் கேட்டுக்குங்க. ஆனா கை அதுக்கே பழகிருச்சுங்க. இங்க நான் கூடவே நிக்கறேன். மத்த ஆஸ்பத்திரியில யாரு நிப்பாங்க?”

“இதனால எங்கயாவது…” என்று தொடங்கினாள் அபிநயா.

“தெரியாதுங்க. யாருக்கும் தெரியாது. எழுநூறு கிராம் குழந்த போயிருச்சுன்னா ஏன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க மேடம். பெத்தவங்களே கேக்க மாட்டாங்க. அந்த எடையில பொழைச்சாத்தான் ஆச்சரியமாப் பாப்பாங்க.”

திரும்பும் பேருந்தில் அபிநயா முழு வழியும் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். மறுநாள் காலை கோகுல்நாத்தின் அறைக்குப் போய், நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே சொன்னாள்.

“மறுபடி திருத்தணும் சார். சுற்றறிக்கை போதாது. நேத்து என் கண்ணு முன்னாடி ஒரு பொண்ணு தப்பா எடுத்துச்சு. ஒரு சிஸ்டர் கையைப் பிடிச்சு நிறுத்தினாங்க. நிறுத்த ஆள் இல்லாத எடம் எத்தனையோ இருக்கு.”

“பத்து நாள், அபிநயா. இருநூத்திப் பதினாலு பேர். அதுல ஏதாவது ஆச்சுன்னா?”

“தெரியல சார். எதுவும் பண்ணாம இருந்தாலும் ஆகும். என்ன ஆச்சுன்னே தெரியாமப் போயிரும், அவ்வளவுதான் வித்தியாசம்.”

அவர் இரண்டு நாள் எடுத்துக்கொண்டார். மூன்றாம் நாள் சம்மதித்தார். தவறு வாரியத்துடையது என்று அறிவிப்பு எழுதி, அதில் தன் கையெழுத்தையே போட்டார். நல்ல மனிதர்தான். பொறி மறுதிருத்தத்தை ஏழு நிமிடத்தில் முடித்தது. கடைசியாக எழுதிய தேர்வு மட்டுமே கணக்கு. அதற்கு முந்தையவை எல்லாம் செல்லாதவை. முப்பத்தேழு பேரில் அதற்குப்பின் தேர்வே எழுதாத முப்பத்தாறு பேருக்கு உரிமம் திரும்பக் கிடைத்தது. இருநூற்றுப் பதினான்கு பேருக்கு நிறுத்திவைக்கப்பட்டது.

முப்பத்தாறா? அபிநயா எண்ணிக்கையை மறுபடி பார்த்தாள். விடுபட்டது யார் என்று தேடினாள். உரிமம் நிறுத்திவைக்கப்பட்டவர்களின் பட்டியலில், நூற்றுத் தொண்ணூறாவது பெயர்: மு. சுகந்தி.

நான்காம் தேர்வைத் திறந்தாள். முதல் கேள்வி, எண்ணூற்று இருபது கிராம் குழந்தை. சுகந்தி ஒரு கிலோவுக்குக் கணக்குப் போட்டிருந்தாள். இரண்டாவது, ஆயிரத்து நூற்றுத் தொண்ணூறு கிராம். ஒரு கிலோ. மூன்றாவது, ஆயிரத்து நானூறு. ஒன்றரை. இருபதிலும் அப்படியே.

தொலைபேசியை எடுத்தாள். சுகந்தி முதல் மணியிலேயே பேசினாள். செய்தி அவளுக்கு முன்பே போயிருந்தது.

“ஏன் சிஸ்டர் இப்படிப் பண்ணீங்க?”

“மூணு மாசம் வீட்டுல உக்காந்திருந்தனுங்க மேடம். வார்டுல பதினோரு குழந்தைங்க. பாக்கறதுக்கு ரண்டே புள்ளைங்க. ரண்டும் அந்தப் பாடம் படிச்சுட்டு வந்ததுங்க. வெளிய நின்னுட்டுச் சரியா எழுதறதா, தப்பா எழுதிட்டு உள்ள போறதான்னு யோசிச்சேன். பொறிக்கு என்ன வேணும்னு அதுக்குள்ள தெரிஞ்சுபோச்சு. குடுத்துட்டேன். உள்ள வந்து ஒரு குழந்தைக்குக்கூட அப்படி எடுக்கலீங்க. சத்தியமா.”

“அன்னைக்கு என்கிட்டச் சொல்லியிருக்கலாமே!”

“நீங்க நான் போட்டது சரின்னு சொல்லத் தேடி வந்தீங்க. அப்பப் போயி எப்படிங்க சொல்றது?”

அபிநயா கோகுல்நாத்திடம் மன்றாடினாள். முந்தைய மூன்று தேர்வுகளையும் காட்டினாள். கடிதத்தைக் காட்டினாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“எனக்குப் புரியுது. ஆனா பொறிக்கு எதைக் காட்டறது? மனசுல சரியான விடையை வெச்சுக்கிட்டுத் தப்பா எழுதினாங்கன்னா? ஒருத்தருக்காக என் கையால ஒரு மதிப்பெண்ணை மாத்தினா, நாளைக்கு நூறு சிபாரிசு இந்த மேசைக்கு வரும். அது உங்களுக்கே தெரியும்.”

தெரியும். தெரிந்ததுதான் கஷ்டமாக இருந்தது.

அந்தப் பத்து நாட்கள் ஒருவழியாகக் கழிந்தன. சுகந்தியும் இளம் செவிலியர் இருவரும் உள்ளே போக முடியாததால் அந்த வார்டை நடத்த ஆள் இல்லாமல் போயிற்று. பதினொரு குழந்தைகளில் ஐந்தை வேறு வார்டுச் செவிலியர்கள் பார்த்துக்கொண்டார்கள், ஆறை ஆம்புலன்சில் கோவைக்கு அனுப்பினார்கள். அந்த ஆறில் ஐந்து பிழைத்தன. ஒன்று வழியிலேயே போய்விட்டது. அங்கேயே இருந்திருந்தால் பிழைத்திருக்குமா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அதன் பெற்றோரும் கேட்கவில்லை. அபிநயா மட்டும் அதன் எடையைக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். கேட்டபின் இரண்டு நாள் அலுவலகத்துக்குப் போகவில்லை.

பதினோராம் நாள் ஈரோட்டில் மறுதேர்வு. அபிநயாவுக்கு அங்கே எந்த வேலையும் இல்லை. இருந்தும் போனாள். தேர்வு மையத்துக்கு எதிரே பேருந்து நிறுத்தத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டாள். முக்கால் மணி நேரத்தில் தன்ஷிகா வெளியே வந்தாள், இருபதுக்கு இருபது. பின்னால் ஒவ்வொருவராக வந்தார்கள். சிரித்துக்கொண்டும் தொலைபேசியில் பேசிக்கொண்டும் கலைந்து போனார்கள். சுகந்தி வரவில்லை. ஒரு மணி நேரம் ஆயிற்று. இரண்டும் ஆயிற்று. வெயில் ஏறிவிட்டது.

மூன்று மணி நேரம் முடிந்து மையத்தைப் பூட்டும் நேரத்தில் சுகந்தி வந்தாள். அபிநயாவைப் பார்த்ததும் சாலையைக் கடந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். முகம் வாடிப்போயிருந்தது.

“பாஸ்தானுங்க மேடம். பத்தொம்பது.”

“ரொம்ப சந்தோஷம் சிஸ்டர். ஏன் இவ்வளவு நேரம்?”

“இருவதும் குறைமாசக் குழந்தைங்கதானுங்க. எனக்கு அதுதான் வராதுன்னு பொறிக்கு ஞாபகம் இருக்குதில்ல? ஒவ்வொரு குழந்தைக்கும் ரண்டு தடவ கணக்குப் போட்டேன். ஒண்ணு எனக்கு. ஒண்ணு அதுக்கு என்ன வேணும்னு.”

“இப்ப ரெண்டும் ஒண்ணுதான் சிஸ்டர். நான்தான் சரி பண்ணேன்.”

“நீங்க சொல்றீங்க. உள்ள உக்காந்திருக்கறப்ப நம்ப முடியலீங்க. இதுவா அதுவான்னு மாத்தி மாத்திப் போட்டதுல, கடைசியில எது எதுன்னே தெரியாமப் போச்சு.” பேருந்து வரும் திசையைப் பார்த்தாள். “பதினாறாவது தப்புன்னு வந்துச்சு. மறுபடியும் உங்க பக்கந்தான் தப்புங்களா? பாத்துச் சொல்லுங்க.”

“எண்கள் ஞாபகம் இருக்கா?”

“அதெப்படிங்க மறக்கும்? ஆயிரத்து இருநூத்தி எழுபது கிராம். கிலோவுக்கு நாலு. மில்லியில ரண்டு. நான் மூணு மில்லின்னு போட்டேன்.”

அபிநயா பையிலிருந்து காகிதம் எடுத்துப் போட்டாள். மறுபடியும் போட்டாள். 2.54. பொறியின் விடை அதுவாகத்தான் இருந்திருக்கும்.

சுகந்தி ஒன்றே கால் கிலோக் குழந்தையை ஒன்றரை கிலோவாக எடுத்துக்கொண்டிருந்தாள். இந்த முறை உள்ளே போவதற்காக அல்ல. பொய்யாகவும் அல்ல. தன்னையறியாமல்.

ஒரு நொடி, தவறு எங்களுடையது என்றே சொல்லிவிடலாமா என்று அவளுக்குத் தோன்றியது. ஒருவிதத்தில் அது உண்மையும்கூட. பத்தொன்பது சரி, உரிமம் வந்துவிட்டது, நாளைக் காலை இந்தப் பெண் வார்டுக்குள் போவாள்.

நாளைக் காலை இவள் சிரிஞ்சை எடுப்பாள்.

“சிஸ்டர்,” என்றாள் அபிநயா. “பொறி சரியாத்தான் சொல்லியிருக்கு. இந்த ஒண்ணுல நீங்க ஒண்ணரைக்கு எடுத்திருக்கீங்க.”

சுகந்தி அவளையே பார்த்தாள். காகிதத்தை வாங்கி, கணக்கின் மேல் விரலை வைத்து வரிவரியாக நகர்த்தினாள். விரல் எடைக்கு வந்து நின்றது. அவள் அழவில்லை. சேலைத் தலைப்பால் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள்.

சத்தியமங்கலம் பேருந்து வந்து நின்றது. நடத்துனர் ஊர் பெயரைச் சொல்லிக் கூவினார். அவள் எழுந்திருக்கவில்லை. பேருந்து போய்விட்டது.

“அந்தக் குழந்தைக்கு எவ்வளவு அதிகமாப் போயிருக்குமுங்க?”

“சிஸ்டர், அப்படி ஒரு குழந்தையே கிடையாது. அது பொறி போட்ட எண்.”

“எவ்வளவுன்னு சொல்லுங்க மேடம்.”

அபிநயா சொன்னாள். “அரை மில்லி. கொஞ்சம் குறைய.”

சுகந்தி தலையாட்டினாள். காகிதத்தை நான்காக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.